கூரைக்கு அடியில் மூன்று மழைக்காடுகள்: அம்மாவை எங்கே கூட்டிப்போவது?

பிப்ரவரி இரண்டாம் வாரம் அம்மா பிராங்க்பர்ட் வருகிறார். வால்பாறையில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். போன முறையும் குளிர்காலத்தில்தான் வந்தார். கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம் என்று ஒரு மாதம் சுற்றிக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தவர், ஊருக்குக் கிளம்பிய அன்று காரில் போகும்போது மொட்டை மரங்களைப் பார்த்துக்கொண்டே, "ஒரு மாசமா கண்ணுக்குப் பச்சையே படலைடா" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் மனசைவிட்டுப் போகவில்லை.

அதனால் இந்த முறை ஒரு நாளாவது அவரைப் பச்சைக்குள் நடக்க வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஐரோப்பாவில் பிப்ரவரி மாதம் அதற்கு இருக்கும் நல்ல வழி, மிருகக்காட்சிசாலைகளில் கூரைக்கு அடியில் வளர்த்து வைத்திருக்கும் மழைக்காடுகள். பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும்படி பெரிய கூடங்கள் மூன்று இருக்கின்றன. நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் பர்கர்ஸ் மிருகக்காட்சிசாலையின் 'புஷ்', ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 'கோண்ட்வானாலாந்து', சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 'மசோலா'. மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வரும் வீடுகளில் இதே கேள்வி எழும் என்பதால், நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். சுவிட்சர்லாந்தும் ஷெங்கன் என்ற பொது விசா ஏற்பாட்டுக்குள் இருப்பதால் ஒரே விசாவில் மூன்று ஊருக்கும் போய்வரலாம்.

முதலில் கூரை. கண்ணாடி கனமானது. அதைத் தாங்கச் சட்டங்களை நெருக்கமாகப் போட வேண்டும், சட்டம் நெருங்கினால் உள்ளே வெளிச்சம் குறையும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரிலும் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். பச்சோந்தி, ஓணான், ஆமை எல்லாம் எலும்பு உறுதிப்பட அந்தக் கதிரைத்தான் நம்பியிருக்கின்றன. இப்போதைய பெரிய கூடங்களில் இடிஎஃப்இ என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அடுக்கி, நடுவே காற்றடித்து, தலையணைபோல உப்ப வைத்துக் கூரையாகப் போடுகிறார்கள். எடை கண்ணாடியின் எடையில் மிகச் சிறு பங்குதான். புற ஊதாக் கதிரும் உள்ளே வரும். 1980களில் இந்தப் படலத்தைக் கூரைக்குப் பயன்படுத்திப் பார்த்த ஆரம்ப இடங்களில் ஆர்னெம் ஒன்று. முப்பது மீட்டர் உயரத்துக்குத் தூண் காட்டாமல் ஒரு காட்டை மூட முடிகிறது என்றால், அதற்கு இந்தப் படலம்தான் காரணம்.

இன்னொன்றும் மூன்றுக்கும் பொது. உள்ளே பறவையும் பல்லியும் உலவுவதால் பூச்சி மருந்து தெளிக்க முடியாது. மாவுப்பூச்சி வந்தால் அதைத் தின்னும் வண்டையோ, அதன் உடம்புக்குள் முட்டையிடும் குளவியையோ கொண்டுவந்து விடுகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் மருந்து வாசனையை வருடக்கணக்காக முகர்ந்த அம்மாவுக்கு, மூன்று ஊரையும்விட இந்தச் சேதிதான் பெரிதாகப் பட்டது. "மருந்தே அடிக்காம இவ்வளவு பெரிய தோட்டமா?" என்று போனில் இரண்டு தடவை கேட்டார்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

லைப்ஸிக்கை விரும்புவது என் பிள்ளைகள். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. அவர்கள் ஓட்டு முழுக்க அங்கேதான். கோண்ட்வானாலாந்து 2011 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. 16,500 சதுர மீட்டர், அதாவது நான்கு ஏக்கருக்கும் மேலே. உச்சி 34 மீட்டரைத் தாண்டும். மூன்றில் பெரியது இதுதான். ஆப்பிரிக்கா, ஆசியா, தென்னமெரிக்கா என்று மூன்று கண்டத்துக் காடுகளும் ஒரே கூரைக்குள் அடங்கியிருக்கின்றன. பெயரே நம் பக்கத்திலிருந்து போனது. மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலம் கோண்டுவானா. அங்குள்ள பாறை அடுக்குகளுக்கு இருந்த அந்தப் பெயரைத்தான் எடுவார்ட் சூயஸ் என்ற ஆஸ்திரியப் புவியியலாளர், பல கண்டங்களாகப் பிரிவதற்கு முன்பிருந்த பழைய தென்கண்டத்துக்கு வைத்தார். கோண்டு மக்களின் பெயரை ஜெர்மனியில் ஒரு மிருகக்காட்சிசாலை வாசலில் படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது.

உள்ளே ஒரு நீரோடையில் படகுச் சவாரி உண்டு. இருட்டுச் சுரங்கத்தில் ஆரம்பித்து, பூமி உருவான கதையைக் காட்டிவிட்டு, திடீரென்று பச்சைக்குள் கொண்டுபோய் விடும். மேலே மரக்கிளை உயரத்தில் தொங்கு நடைபாதை. குள்ள நீர்யானை, மலாய் டாபிர், கொமோடோ உடும்பு, தென்னமெரிக்க ராட்சத நீர்நாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அந்த நீர்நாய் மீனைக் கையில் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்பதை என் மகன் அரை மணி நேரம் நகராமல் நின்று பார்த்தான். எதைப் பார்க்கப் போனோமோ அதைப் பார்க்காமல் திரும்பும் ஏமாற்றம் இங்கே ஏறக்குறைய இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், டிராமும் இருக்கிறது. குரங்கினங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, அதே வளாகத்தில் 2001இல் வந்த, மனிதக் குரங்குகளுக்கான போங்கோலாந்து தனியாக ஒரு நாளுக்குத் தாங்கும்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். காட்டுக்குள் நடக்கிறோம் என்ற உணர்வு கொஞ்ச நேரம்கூட நிலைப்பதில்லை. ஆப்பிரிக்க மரத்தைத் தாண்டினால் ஆசியா, ஒரு பாலம் ஏறி இறங்கினால் அமேசான். பெரிய மிருகம் இருக்கும் இடத்தில் அகழியோ கண்ணாடியோ வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் முடியாது என்பது எனக்கும் தெரியும். நன்றாகத் தொகுத்த பாடப் புத்தகம் அது. குழந்தைகளுக்கு அதைவிட நல்ல புத்தகம் கிடைக்காது. அம்மாவோ அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுக்க நடத்தி முடித்தவர்.

ஆர்னெம் வேறு மாதிரி. பர்கர்ஸ் மிருகக்காட்சிசாலையை 1913இல் யோஹான் பர்கர்ஸ் தொடங்கினார். 1923இல் ஆர்னெமுக்கு இடம் மாறியது. ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறது. புஷ் திறந்த வருடம் 1988, பரப்பு சுமார் ஒன்றரை ஹெக்டேர். மூன்றில் மூத்தது இதுதான். கூரைக்குள் ஒரு காட்டை நட்டு, பார்க்க வருபவரை வேலிக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளேயே நடக்கவிட்டால் என்ன என்று அந்தக் காலத்தில் யோசித்துச் செய்து காட்டியவர்கள் இவர்கள். அதே காலத்தில் அமெரிக்காவிலும் பெரிய கூடங்கள் எழுந்தன. நியூயார்க் பிராங்க்ஸில் ஜங்கிள்வேர்ல்ட் 1985, ஒமாஹாவில் லீட் ஜங்கிள் 1992.

வயதுதான் புஷ்ஷின் சொத்து. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் உதிர்ந்த இலை மண்ணோடு மக்கிக் கிடக்கிறது. ஓரிடத்தில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதை அப்புறப்படுத்தவில்லை. பட்டை கழன்று, உள்ளே பஞ்சுபோல ஆகி, அதன்மேல் காளானும் பெரணியும் முளைத்திருந்தன. குனிந்து மூக்கை வைத்தேன். ஆனி, ஆடி மழையில் எஸ்டேட் ஓரத்துச் சோலைக்குள் நுழைந்தால் வருமே, அந்த மக்கல் வாசனை, அதேதான். கண்ணை மூடிக்கொண்டால் அக்காமலைப் பக்கம் நிற்கிறோம் என்று நம்பிவிடலாம். அந்த நேரம் மண்பாதையில் காடைக்குக் கொஞ்சம் பெரிய பறவை ஒன்று, தலையில் சிவப்புக் கொண்டையோடு, என் ஷூவை உரசிக்கொண்டு தன் ஜோடியோடு போனது. மனிதன் நிற்கிறான் என்ற எண்ணமே அதற்கு இல்லை.

ஆர்னெமுக்கு இன்னொரு பலம், குளிர்கால மழை நாளுக்கு அது மிகவும் தோது. அமெரிக்கப் பாலைவனம் 1994இலும், கடல் 2000இலும், அலையாத்திக் காடு 2017இலும் அங்கே கூரைக்கு அடியில் வந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பெரும்பாலும் குளிர் படாமல் போய்விடலாம். அலையாத்திக் கூடத்தில் கடல்பசு இருக்கிறது. பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முட்டுவேர்கள் புதிதல்ல. சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும் நண்டும் புதிதல்ல. இந்தக் கூடத்துக்கு மாதிரி மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாடு. அந்த நாட்டின் வடக்கே உள்ள காட்டைக் காக்க இந்த மிருகக்காட்சிசாலை முப்பது வருடத்துக்கு மேல் துணை நிற்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே நாளில் காடு, பாலை, கடல், சேறு எல்லாம் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்னெம் போகலாம்.

பிறகு சூரிச்.

மசோலா கூடம் 2003 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 11,000 சதுர மீட்டர், உயரம் 30 மீட்டர். கோண்ட்வானாலாந்தைவிடச் சிறியது, புஷ்ஷையும்விடச் சிறியது. மூன்று கண்டமும் கிடையாது, உலகத்து மழைக்காடுகளும் கிடையாது. மடகாஸ்கரின் வடகிழக்கில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மசோலா என்ற ஒரே ஒரு தீபகற்பம், அதில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு காடு. அதை மட்டும்தான் காட்டுகிறார்கள். யானை இல்லை, புலி இல்லை, நீர்யானை இல்லை. கூண்டும் இல்லை. பாதையில் மிருகத்தின் பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. நடந்தால் கண்ணில் பட்டதுதான் கணக்கு.

நாங்கள் முதல் முறை போனபோது இது எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் சுற்றினோம். ஒரு பறவையையும் ஓர் ஆமையையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மகனுக்கு அப்போது நான்கு வயது, அழ ஆரம்பித்துவிட்டான். காசைத் தொலைத்துவிட்டோம் என்று எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல். அங்கே சுற்றிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், வயதான பெண்மணி, அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு கிளையைக் காட்டினார். என் தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி, அத்தனை நேரமும் எங்களைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரல் கனத்தில் ஒரு பேந்தர் பச்சோந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு கண் அவன்மேல், இன்னொரு கண் பின்னால் ஓர் ஈயின்மேல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் நடந்தது ஐம்பது மீட்டர்கூட இருக்காது. பழந்தின்னி வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இறக்கையை நக்கியது, ஒரு பல்லி இலையோடு இலையாக ஒட்டியிருந்தது, மேலே இருபது மீட்டரில் கிளை குலுங்கி, குரங்குக்கு உறவான மடகாஸ்கர் பிராணி, ஒரு சிவந்த லெமூர் இறங்கியது. வால்பாறையில் சிங்கவால் குரங்கையும் இருவாச்சியையும் இப்படித்தான் பார்ப்போம். தேடிப் போனால் இருக்காது, நின்றால் வரும்.

அந்தச் சிவந்த லெமூர், ரெட் ரஃப்ட் லெமூர், இயற்கையில் மசோலா தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. ரஃப்ட் லெமூர்களுக்கும் விசிறி வாழைக்கும் உள்ள உறவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் ஓட்டல் வாசலிலும் கல்யாண மண்டபத்து முகப்பிலும் மயில் தோகை விரித்ததுபோல நிற்குமே, அதே விசிறி வாழைதான். அது மடகாஸ்கர் மரம். அதன் பூ மடல் கெட்டியானது. ரஃப்ட் லெமூர் ஏறி வந்து, கையால் மடலைப் பிரித்து, மூஞ்சியை உள்ளே விட்டுத் தேன் நக்கும். அதன் மூஞ்சி மயிரில் ஒட்டிய மகரந்தம் அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். நம் ஊரில் அந்த வாழை வெறும் அழகுக்காக நிற்கிறது. அது யாருக்காகப் பூக்கிறதோ, அந்த ஆளை இந்தக் கூடத்தில் பார்க்கலாம். அம்மா வீட்டு வாசலில் உள்ள நித்தியகல்யாணியும், எஸ்டேட் பள்ளிக்கூடத்து மே ஃபிளவர் மரமும்கூட மடகாஸ்கரிலிருந்து வந்தவைதான். சுமார் 9 கோடி வருடங்களுக்கு முன்புவரை அந்தத் தீவும் நம் இந்திய நிலமும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கூடத்து உணவகத்திலும் கடையிலும் நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு மடகாஸ்கரின் மசோலா தேசியப் பூங்காவுக்குப் போகிறது. அந்தப் பூங்கா 1997இல் அமைந்தது; 2007இல் அட்சினானானா மழைக்காடுகளின் பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்தில் சேர்ந்தது. 2009இல் நாட்டில் அரசியல் குழப்பம் வந்தபோது ரோஸ்வுட் என்ற ஈட்டி மரம் வெட்டும் கும்பல்கள் உள்ளே புகுந்து நாசம் செய்தன. 2010இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் வைத்தது. 2025இல்தான் அதிலிருந்து வெளியே வந்தது. அந்த மோசமான வருடங்களிலும் சூரிச்சிலிருந்து உதவி நிற்கவில்லை. ஒரு கூடம், ஒரு காடு, இரண்டுக்கும் நடுவே அறுந்துபோகாத ஒரு கயிறு. லைப்ஸிக்கும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் பணம் கொடுக்கிறது, ஆர்னெமின் பெலீஸ் வேலையை மேலே சொன்னேன். ஆனால் காட்டைப் பார்க்கும்போதே அந்தக் காட்டின் கதி என்ன என்று கேட்க வைப்பது சூரிச் மட்டும்தான்.

அம்மா வாழ்ந்தது துண்டு துண்டான காட்டுக்கு நடுவே. ஆனைமலையில் வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள், மிச்சம் விட்ட சோலைகளுக்குள் யானையும் சிங்கவால் குரங்கும் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. குரங்குகள் ரோட்டைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டிய பாலத்தை அவர் தினமும் பார்த்தவர். மசோலாவின் கதை அவருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி நடைமுறைச் சங்கதிகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. சூரிச் மிருகக்காட்சிசாலை மலைமேல் இருக்கிறது. நிலையத்திலிருந்து 6ஆம் எண் டிராம் மேலேவரை கொண்டுவிடும், ஆனாலும் உள்ளே ஏற்ற இறக்கம் உண்டு. கூடத்துக்குள் முக்கியப் பாதை பரவாயில்லை, மெதுவாக நடக்கலாம். 2013இல் போட்ட மர உச்சி நடைபாதைக்குப் படியேற வேண்டும், அதை அம்மாவுக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன், பிள்ளைகள் ஏறட்டும். முழங்கால் மிக மோசம் என்றால் லைப்ஸிக்தான் சௌகரியம், படகில் உட்கார்ந்தே பாதிக் காட்டைப் பார்த்துவிடலாம். செலவில் சூரிச் மூன்றிலும் அதிகம். டிக்கெட்டோ சாப்பாடோ, எல்லாம் சுவிஸ் பிராங்கில். ரயில் நேரமும் அங்கேதான் நீளம், நான்கு மணி நேரம். மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய மூன்று.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: கோட்டு, கம்பளி, தொப்பி எல்லாவற்றையும் வாசலில் லாக்கரில் வைத்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டையோடு நுழையுங்கள். மூக்குக்கண்ணாடியும் கேமராவும் பனி படிந்து பத்து நிமிடம் எதற்கும் உதவாது. துடைத்துப் பயனில்லை, சூடேறும்வரை விட்டுவிட வேண்டும். நண்பகலில் போகாதீர்கள். சூரிச்சில் மிருகக்காட்சிசாலை காலை 9 மணிக்குத் திறந்தாலும் மசோலா 10 மணிக்குத்தான் திறக்கும். கதவு திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். இலைகள் அப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும், கூட்டம் இருக்காது, லெமூர்கள் சாப்பிட இறங்கியிருக்கும்.

சின்னப் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பம் என்றால் லைப்ஸிக் போகச் சொல்வேன். வேறு வேறு ரசனையுள்ள பெரிய கூட்டமாகப் போனால், அதுவும் நாள் முழுக்க மழை என்றால், ஆர்னெம். எங்கள் வீட்டில் இந்த முறை சூரிச். முதல் நாளே போய் ஓர் இரவு தங்கி, காலையில் 10 மணிக்கு உள்ளே நுழைவதாகத் திட்டம். லைப்ஸிக் படகுக்கு இலையுதிர்கால விடுமுறையில் கூட்டிப்போவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மகள் அதைக் காலண்டரில் எழுதியும் வைத்துவிட்டாள்.

நேற்று டிக்கெட் போட்டுவிட்டு அம்மாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லெமூர், பச்சோந்தி, விசிறி வாழை, படலக் கூரை எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அங்க அட்டை இருக்குமாடா? மூக்குப்பொடி டப்பாவை எடுத்து வெச்சுக்கவா?" என்றார். இல்லைம்மா, அங்கே அட்டை கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, டப்பா பையில கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.